தெய்வக் கதையும் காணி உறுதியும்: மலையக ஐதிகங்களைத் தொகுத்தல் பற்றி ஒரு நோக்கு

1

மலையகத் தமிழரின் வாய்மொழி மரபு என்றவுடன் பாடலே முதலில் நினைவுக்கு வருகிறது. அது காரணமற்றதன்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவரும், தோட்டத்து வாழ்வை நேரில் அறிந்தவருமான சி. வி. வேலுப்பிள்ளை, தமது நெடுங்காலத் தொகுப்பு முயற்சியை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் 1983இல் நூலாக்கினார். சாரல்நாடனின் 'மலையக வாய்மொழி இலக்கியம்' அப்பாதையை விரிவுபடுத்தியது. மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளையும் மாரியம்மன் வழிபாட்டையும் பற்றி எழுதினார். இவர்களது உழைப்பின்றி இத்துறையில் இன்று எவரும் ஓரடி எடுத்துவைத்தல் இயலாது.

எனினும் ஒரு வகை வழக்காறு பாடலுக்குக் கிடைத்த கவனத்தைப் பெறவில்லை. லயத்துக் கோடியில், ஓடைக்கரையில், தேயிலை மலையின் நடுவே எஞ்சி நிற்கும் மரத்தடியில் உள்ள தெய்வங்களைப் பற்றி மக்கள் கூறும் அற்புதக் கதைகளையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம். வழிபாட்டு முறையை விவரித்து எழுதுவது ஒன்று. அவ்வழிபாட்டிடத்தில் முன்பு நடந்ததாகக் கூறப்படுவதை, கூறியவாறே, கூறியவர் யார் என்ற குறிப்போடும், ஒருவர் கூற்றுக்கும் மற்றவர் கூற்றுக்கும் உள்ள வேறுபாடுகளோடும் திரட்டுவது மற்றொன்று. இக்கட்டுரை பின்னதைப் பற்றியது.

இக்கதைகளை நாம் ஐதிகம் என்ற சொல்லாற் குறிப்போம். ஜேர்மனியின் கிறிம் சகோதரர் 1816, 1818ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக ஐதிகங்களை வெளியிட்டபோதே, இன்பத்துக்காகக் கூறப்படும் கதையினின்றும் அதனைப் பிரித்துக் காட்டினர். இராசகுமாரன் கதை எவ்வூரிலும் எக்காலத்திலும் நிகழலாம். ஐதிகமோ இந்தக் கல்லில், இந்த வளைவில், இன்னாருடைய பாட்டன் காலத்தில் நிகழ்ந்தது. எனவே அது நம்பிக்கையைக் கோருகிறது. நம்பிக்கையைக் கோருவதனாலேயே ஐயத்தையும் வாதத்தையும் கிளப்புகிறது. ஐதிகம் கூறப்படும் இடத்தில் 'அப்படியும் நடக்குமா?' என்று கேட்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரும் அவ்வழக்காற்றின் ஓர் உறுப்பே.

இக்கதைகள் புறக்கணிக்கப்பட்டமைக்கு முற்போக்கு ஆய்வாளராகிய நாமும் பொறுப்பாளிகள். கங்காணியின் கொடுமையைக் கூறும் பாடலை ஆவலோடு எழுதிக்கொண்டோம். அதே மூதாட்டி அடுத்த மூச்சில், முனியாண்டி துரையின் கனவில் வந்த கதையைத் தொடங்கியதும் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினோம். முன்னதை வர்க்க உணர்வு எனவும் பின்னதை மூடநம்பிக்கை எனவும் வகுத்துக்கொண்டோம். கூறியவர் ஒருவர், அவர் தம் அனுபவத்தை இவ்வாறு இருகூறாக்கவில்லை. கூறாக்கியவர் நாமே.

மார்க்ஸ் சமயத்தை அபினியோடு ஒப்பிட்டதை அறியாதார் இலர். 1844இல் வெளியான அதே கட்டுரையில், சமயம் மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் அமைவதை அவர் எடுத்துக்காட்டியமை பலரால் மறக்கப்படுகிறது. இத்தாலியச் சிறையிலிருந்து எழுதிய கிராம்சி, நாட்டார் வழக்காற்றை விநோதப் பொருளாகக் கருதாது, கீழ்நிலை மக்களின் உலக நோக்காகக் கொண்டு ஆராய வேண்டும் என வற்புறுத்தினார். அதே வேளை அந்நோக்கின் சிதறலையும் முரண்பாட்டையும் அவர் மறைக்கவில்லை. தமிழில் நா. வானமாமலை 1970களின் முற்பகுதியில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையும் காத்தவராயன் கதைப்பாடலும் இந்நோக்கின் பயனை நிறுவின. சாதி கடந்து மணந்தவனின் கதை தெய்வக் கதையாக நின்று நிலவுவது ஏன் என்ற வினாவை அவர் எழுப்பினார். அற்புதத்தை அகற்றிவிட்டு எஞ்சியதை மட்டும் அவர் ஆராய்ந்திருப்பின் அவ்வினா எழுந்திராது. அவர் காட்டிய வழியை மலையகத்து ஐதிகங்களுக்குப் பொருத்தும்போது தோன்றும் சில சிக்கல்களை இனி நோக்குவோம்.

2

கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. 1894இல் அது பண்டாரவளை வரை நீளும் முன்னர், பல ஆண்டுகள் நானுஓயாவே மலைநாட்டுப் பாதையின் முக்கிய முனையமாக விளங்கியது. தேயிலைப் பெட்டிகள் இறங்கிச் சென்ற வழியும், தமிழகத்திலிருந்து திரட்டப்பட்ட தொழிலாளர் ஏறி வந்த வழியும் ஒன்றே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட காலம் அது. ஆகவே நானுஓயாவைச் சூழ்ந்த ரதல்ல, டெஸ்போட், எடின்பரோ, கிளாரண்டன் போன்ற தோட்டப் பெயர்கள் ஒருபுறமும், அத்தோட்டங்களின் மூலை முடுக்குகளில் மக்கள் இட்ட முனி, மாடன், காளி, மாரி முதலிய பெயர்கள் மறுபுறமுமாக ஒரே நிலத்துக்கு இரு வரைபடங்கள் உருவாயின. முதலாவது கம்பனியின் வரைபடம், அச்சிடப்பட்டது. இரண்டாவது வாய்மொழியில் மட்டும் உள்ளது.

நானுஓயாவிலிருந்து அட்டன் வரை இடப்பெயர் மாறினும் பொருள் மாறாது வழங்கும் ஓர் ஐதிகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டுக்கோப்பு வருமாறு. காடு வெட்டித் தோட்டம் திறந்த காலம். தொழிலாளர் ஒரு பெருமரத்தடியிற் கல் ஒன்றை நட்டு வணங்கி வருகின்றனர். பாதை போடவோ கன்று நடவோ அவ்விடம் தேவைப்படுகிறது. கல்லைப் பெயர்க்குமாறு துரை கட்டளையிடுகிறார். அலவாங்கு வளைகிறது, கல் அசையவில்லை. அன்றிரவு துரை காய்ச்சலில் விழுகிறார். கனவில் முனி தோன்றுகிறார். மருந்து பலிக்கவில்லை. ஈற்றில் துரை கோயிலுக்கு இடம் விட்டு, மணியொன்று வாங்கிக் கொடுத்து, ஆண்டுத் திருவிழாவுக்கு ஒருநாள் வேலை நிறுத்தவும் இசைகிறார்.

இவ்வைதிகத்தை ஒரே தோட்டத்தில் மூவர் வாய்க் கேட்டோம். தோட்டத்தின் பெயரையும் கூறியோர் பெயரையும் தவிர்க்கிறோம். பெரிய கங்காணி வழிவந்த ஒருவர் கூறியதில் கதையின் மையம் துரைக்கும் கங்காணிக்கும் இடையிலான உரையாடல். கனவின் பொருளை விளக்கியவரும், பரிகாரம் கூறியவரும், கோயிலுக்குத் தருமகர்த்தா ஆனவரும் அவருடைய பாட்டனாரே. முனியின் அற்புதம் ஈற்றில் ஒரு குடும்பத்தின் உரிமைக்குச் சான்றாகிறது.

கொழுந்தெடுக்கும் பெண்ணொருவர் கூறியதில் கங்காணி இல்லை. பிள்ளைக் காம்பரா ஏற்படாத காலம். மரக்கிளையில் ஏணை கட்டிக் குழந்தையைக் கிடத்திவிட்டுத் தாய் மலையேறுகிறாள். அவள் திரும்பும்வரை ஏணையை ஆட்டியது முனி. மரத்தை வெட்ட வந்ததனாலேயே முனி சினந்தது. கல்லைப் பற்றி அவர் அதிகம் கூறவில்லை. மரத்தையும் ஏணையையும் பற்றியே கூறினார்.

மூன்றாமவர் தோட்டத்தில் நெடுங்காலம் கான் வெட்டியும் பாதை திருத்தியும் முதுமையடைந்தவர்; சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட குடும்பத்தினர். அவர் கூற்றில் மற்ற இருவரும் கூறாத ஒருவன் வருகிறான்: அலவாங்கு பிடித்தவன். துரைக்குக் காய்ச்சல் வருமுன் அவன் இரத்தம் கக்கி இறந்தான். துரை பிழைத்துக்கொண்டார். கதையைக் கூறிவிட்டு அம்முதியவர், கட்டளையிட்டவனை விட்டுக் கட்டளைக்குப் பணிந்தவனைச் சாமி ஏன் முதலில் அடித்தது என்று தாமே கேட்டு, விடை கூறாமலே இருந்தார்.

இம்மூன்றையும் கலந்து 'முனியாண்டி கோயில் வரலாறு' என்று ஒரே கதையாக எழுதி வெளியிடுவது எளிது. பல தலபுராணங்கள் அவ்வாறுதான் உருவாயின. அப்படிச் செய்தால் எஞ்சுவது பெரும்பாலும் முதலாமவருடைய கதையாகவே இருக்கும். ஏணை ஓர் அலங்காரமாகச் சுருங்கும். அலவாங்கு பிடித்தவன் மறைவான். தொகுப்பு முறை வெறும் தொழில்நுட்ப விடயமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. யாருடைய கூற்றை மூலமாகவும் யாருடையதைத் திரிபாகவும் கொள்கிறோம் என்பதிலேயே வர்க்கச் சார்பு அமைந்துவிடுகிறது.

3

இவ்வைதிகம் மலையகமெங்கும் இத்துணை உறுதியாக வேரூன்றியமைக்குக் காரணம் யாது? நாட்டுப்புற மனத்தின் கற்பனை வளம் என்று கூறி அமைதல் விளக்கமாகாது. அம்மக்கள் நிலத்தோடு கொண்டிருந்த உறவிலேயே விடையைத் தேடல் வேண்டும்.

தோட்டத் தொழிலாளி காட்டை வெட்டினான், கல்லைப் புரட்டினான், கன்றை நட்டான். ஆயினும் அந்நிலத்தில் அவனுக்கு ஓரடியும் உரிமையில்லை. அவன் குடியிருந்த லயத்துக் காம்பராவும் தோட்டத்துக்கே சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கைகளாகப் பிரித்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக்கி, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கு ஒத்திவைத்தது. நாடற்ற நிலையை முடிவுக்குக் கொணரும் நோக்குடைய சட்டம் 2003இலேயே நிறைவேறியது. இந்நீண்ட காலத்தில் ஒரு தொழிலாளி தான் இம்மண்ணுக்கு உரியவன் என்பதைக் காட்ட எடுத்து நீட்டக்கூடிய ஆவணம் எது?

நம் நாட்டில் காணிக்கு உரிமை காட்டும் பத்திரத்தை 'உறுதி' என்கிறோம். உறுதியில் நான்கு கூறுகள் இன்றியமையாதன: நிலத்தின் எல்லை, கொடுத்தவர் பெயர், சாட்சிகள், முத்திரை. மேற்கூறிய ஐதிகத்தை மீண்டும் நோக்குக. மரமும் ஓடையும் கல்லும் எல்லைகளாகின்றன. கொடுத்தவர் துரை. கூறுவோரும் கேட்போரும் தலைமுறை தலைமுறையாகச் சாட்சிகள். அலவாங்கு வளைந்ததும் காய்ச்சல் வந்ததுமாகிய அற்புதமே முத்திரை. துரையின் அதிகாரத்துக்கு மேலான அதிகாரம் ஒன்று அந்நிலத்தில் அவருக்கு முன்னரே இருந்தது என்பதை அம்முத்திரை அறிவிக்கிறது. உறுதி இல்லாதோர் வாய்மொழியில் எழுதிக்கொண்ட உறுதி இவ்வைதிகம் என்பதே எமது கருத்து. அற்புதத்தை நீக்கிக் கதையைப் 'பகுத்தறிவு'க்கு ஏற்பத் திருத்தி வெளியிடும் தொகுப்பாளர், உறுதியிலிருந்து முத்திரையைக் கிழித்தெறிபவர் ஆகிறார்.

எனினும் இவ்வுறுதியின் குறைபாட்டையும் கூறாதுவிடல் நேர்மையாகாது. அது தொழிலாளியின் பெயரில் எழுதப்படவில்லை; தெய்வத்தின் பெயரிலேயே எழுதப்பட்டது. துரை இடம் கொடுத்தது முனிக்கு. முனியின் அடியார் அன்று மாலை மீண்டும் துரையின் லயத்துக்கே திரும்பினர். ஒருநாள் வேலை நிறுத்தம் திருவிழாவாக அனுமதிக்கப்பட்டது. மறுநாட் காலை பெரட்டுக்களத்திற் பேர் கொடுக்க எல்லாரும் வந்து நின்றனர். துரையைத் தெய்வத்தின் முன் தலைகுனியவைத்த கதை, அத்துரையையே தருமவானாகவும் ஆக்கிவிடுகிறது. நிருவாகங்கள் கோயிலுக்குப் பணமும் தகரமும் மகிழ்வோடு கொடுத்தமைக்கு இதுவும் ஒரு காரணம். முறைப்பாடும் ஆறுதலும் ஒரே கதையில் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைக் கண்டு மற்றொன்றைக் காணாமை ஆய்வாகாது.

4

தமிழகத்துக் கிராமத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தெய்வங்களோடு மட்டும் மலையகத்து வழிபாடு நின்றுவிடவில்லை. தோட்டத்து உழைப்பே புதிய தெய்வங்களைப் பிறப்பித்தது. தேயிலை ஆலையின் சக்கரங்களை மக்கள் 'ரோதை' என்பர். அந்த ரோதையில் உறையும் தெய்வம் ரோதைமுனி. இயந்திரம் தடையின்றி ஓடவும், எவர் கையும் அதனுட் சிக்காதிருக்கவும் அதற்குப் பலியிடுவர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டித் தாழ்த்தும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச்சாமி, கொழுந்துக்குக் கொழுந்துச்சாமி. வழிபாட்டு முறை ஊரிலிருந்து வந்தது. வழிபடப்படும் ஆற்றலோ முதலாளித்துவ உற்பத்தியின் நடுவே எதிர்கொள்ளப்பட்டது.

பொலீவியாவின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர் சுரங்கத்தின் அடியில் 'தியோ' என்னும் உருவத்தை அமைத்துக் கொக்கா இலையும் மதுவும் படைத்து, லாமாவைப் பலியிடுவதை மானிடவியலாளர் ஜூன் நாஷ் 1979இலும் மைக்கல் தௌசிக் 1980இலும் வெளியிட்ட நூல்களில் ஆராய்ந்தனர். பண்டமும் கூலியும் ஆளும் புதிய உலகத்தை உழைப்பாளர் இயல்பானதென ஏற்காது, அதனை ஓர் ஆபத்தான ஆற்றலாகக் கண்டமையின் வெளிப்பாடே அத்தெய்வம் எனத் தௌசிக் வாதிட்டார். ரோதைமுனிக்கும் தியோவுக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை. ஒத்த நிலைமைகள் ஒத்த உருவகத்தைத் தோற்றுவித்துள்ளன. இயந்திரம் தேயிலையை மட்டும் அரைப்பதில்லை, அருகில் நிற்பவனையும் விழுங்கக்கூடியது என்ற அறிவு ஆலைத் தொழிலாளிக்கு உண்டு. அவ்வறிவைக் கூற அவனுக்கு முதலிற் கிடைத்த மொழி பலியின் மொழியே. இரத்தம் கொடுக்கப்பட வேண்டும் என்று கதை கூறுகிறது. சேவலின் இரத்தமா, மனிதனின் இரத்தமா என்பதே தெரிவு.

தௌசிக்கின் வாதத்தை அப்படியே பெயர்த்து நடுவதும் பிழையாகும். முதலாளித்துவத்துக்கு முந்திய கிராமம் ஒற்றுமை நிறைந்ததாக இருந்தது என்ற எண்ணம் அதனுள் மறைந்து நிற்கிறது. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்து வந்தோர் விட்டு வந்தது நிலவுடைமையும் சாதிக் கொடுமையும் பஞ்சமும் நிறைந்த கிராமத்தை. அச்சாதியடுக்கு கங்காணி முறையினூடாகத் தோட்டத்துக்கும் வந்தது. எந்த லயத்தில் யார், கோயிலில் யார் எங்கே நிற்பது என்பனவற்றையும் அது வகுத்தது. ஐதிகங்கள் இதனையும் பதிந்து வைத்துள்ளன. ஆலையில் இறந்தவன் பற்றிய கதையில் அவன் 'தீட்டோடு' ரோதையைத் தொட்டான் என்று சில இடங்களிற் கூறப்படுவதுண்டு. பாதுகாப்பற்ற இயந்திரத்தின் குற்றம் இறந்தவன் தலையிலேயே ஏற்றப்படுகிறது. இத்தகைய கூற்றையும் நாம் விடாது பதிதல் வேண்டும். மக்களுடையது என்பதனாலேயே அது முற்போக்கானது என்று மயங்குதல் கூடாது.

5

எல்லா ஐதிகங்களும் கேட்பாரற்றுப் போகவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவைக் கடந்து பதுளை வீதியிற் சென்றால் சீத்தா எலிய வரும். சீதை சிறையிருந்த அசோகவனம் அதுவே என்பது ஐதிகம். ஓடைப் பாறையில் உள்ள குழிகள் அனுமனின் பாதச்சுவடுகள். அப்பகுதி மண் கறுத்திருப்பது அனுமன் இட்ட தீயினால். கோயிலின் விக்கிரகங்கள் ஓடையிலிருந்து கிடைத்தவை. 2000களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையின் சுற்றுலாத்துறை 'இராமாயணப் பாதை' என்ற பெயரில் இத்தகைய இடங்களை ஒன்றிணைத்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு, சிறப்பாக இந்தியப் பயணிகளுக்கு, விளம்பரப்படுத்தி வருகிறது. 2024 மே மாதத்தில் நடைபெற்ற குடமுழுக்குக்கு அயோத்தியின் சரயு நதி நீர் கொண்டுவரப்பட்டது.

மக்கள் சீதைக்கு இரங்கி வழிபடுவதை நாம் குறைகூற வரவில்லை. அந்நியரின் காவலில் கண்ணீர் விட்ட ஒருத்தியின் கதை, கடல் கடந்து வந்து கங்காணியின் கண்காணிப்பில் உழைத்த பெண்களின் நெஞ்சைத் தொட்டிருப்பின் அதில் வியப்பில்லை. நாம் சுட்ட விரும்புவது தெரிவின் அரசியலை. அரசும் சுற்றுலா வணிகமும் சமய நிறுவனங்களும் ஐதிகங்களைத் தொகுக்கவே செய்கின்றன. ஆனால் எழுத்து இதிகாசத்தோடு இணையக்கூடியதையும், பயணச்சீட்டாக மாற்றக்கூடியதையும் மட்டுமே அவை தெரிகின்றன. அனுமனின் பாதச்சுவட்டுக்கு அறிவிப்புப் பலகை உண்டு, ரோதைமுனிக்கு இல்லை. முன்னது 'மரபுரிமை', பின்னது 'தோட்டத்துப் பழக்கம்'. அன்றியும் ஐதிகம் வரலாறாகவே அறிவிக்கப்படும்போது அதன் உயிர்நிலையாகிய ஐயம் கொல்லப்படுகிறது. அறிவிப்புப் பலகையோடு எவரும் வாதிட முடியாது.

இதனோடு தொடர்புடைய மற்றொரு மாற்றம் தோட்டங்களினுள்ளேயே நிகழ்கிறது. திறந்த வெளியில் நின்ற முனி கட்டடத்துக்குள் புகுந்து முனீஸ்வரராகிறார். பலி நிறுத்தப்பட்டு ஆகமப் பூசை தொடங்குகிறது. பூசாரியின் இடத்தை ஐயர் பெறுகிறார். இழிவாகக் கருதப்பட்ட மக்கள் மதிப்பைத் தேடும் முயற்சியாகவும் இதனைக் கொள்ள வேண்டும். வெளியார் இதைக் கண்டு வருந்துவது எளிது. ஆயினும் கோயில் மாறுகையிற் கதையும் மாறுகிறது. அலவாங்கும் ஏணையும் புதிய தலபுராணத்தில் இடம்பெறுவதில்லை. 1992க்குப் பின் தோட்டங்கள் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறியதன் பின்னர் மூடப்பட்ட ஆலைகளோடு ரோதைமுனியின் இடங்களும் கைவிடப்படுகின்றன. தொகுக்கும் பணி பிந்தக்கூடாது என்பதற்கு இவையே காரணம்.

6

நாட்டார் தெய்வங்கள் பல கொலையுண்ட மனிதர் என்பது தென்தமிழகத்துக் கதைப்பாடல்களை ஆராய்ந்தோர் நிறுவிய உண்மை. அநியாயமாகக் கொல்லப்பட்டவனின் ஆவி அடங்காது. அஞ்சியும் இரங்கியும் மக்கள் அவனுக்குக் கல் நட்டுப் படையல் இடுவர். இம்மரபில் வந்தோரே மலையகத் தொழிலாளர். அவர்களிடையே கொலையுண்டோர் யாராயினர் என்று கேட்டல் பொருத்தமானது.

1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். 1977 மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் திரண்ட வேளை அது. இவர்கள் முனிகளாகவோ மாடன்களாகவோ ஆகவில்லை, தியாகிகளாயினர். படையலின் இடத்தில் நினைவுக்கூட்டம் வந்தது. சாமியாடியின் வாக்கு ஒலித்த இடத்தில் தொழிற்சங்க மேடையின் பேச்சு ஒலித்தது.

இதனை மலையக மக்களின் உணர்வில் நேர்ந்த பெரும் திருப்பமாக நாம் கருதுகிறோம். கொல்லப்பட்டவனின் சினத்தைத் தெய்வத்திடம் ஒப்படைத்து அமைதியடைந்த மரபினர், அச்சினத்தைத் தாமே ஏந்தக் கற்றனர். டெவனில் எழுந்த கோரிக்கை எது? நிலம். கல்லும் மரமும் பற்றிய பழைய ஐதிகம் தெய்வத்தின் பெயரில் கோரியதையே 1977இல் தொழிலாளர் தம் பெயரிற் கோரினர். ஐதிகத்தை மூடநம்பிக்கை என ஒதுக்குவோருக்கு இத்தொடர்ச்சி புலப்படாது. ஐதிகத்தைப் போற்றுவதோடு நிற்போருக்கு இத்திருப்பம் புலப்படாது. 2014 அக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவு லயங்களைப் புதைத்ததன் பின்னரும் ஏழு பேர்ச் காணியும் அதற்கோர் உறுதியும் என்ற அளவிலேயே பேச்சு நகர்ந்தது. ஆதலின் அக்கோரிக்கையின் முழு வரலாற்றையும் அறிவது இன்றும் பயனுடையது.

7

இதுவரை கூறியவற்றினின்றும் தொகுப்போர்க்கு உரிய சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஐதிகத்தை அதன் வாதத்தோடு பதிதல் வேண்டும். கூறியவர் சொன்னதோடு, இடைமறித்தவர் சொன்னதையும், சிரித்தவர் சிரித்ததையும், ஒருவர் எழுந்து போனதையும் குறித்தல் வேண்டும். நம்பாதவரை அறையினின்றும் வெளியேற்றிவிட்டுச் செய்யும் பதிவு பாதிப் பதிவே.

இரண்டாவது, கூறியவரின் வேலை யாது, தோட்டத்தில் அவர் நிலை யாது, கோயிலில் அவர் எங்கு நிற்பவர் என்பவை குறிக்கப்படல் வேண்டும். வயதும் ஊரும் மட்டும் போதா. எமது மூன்று கூற்றுகளின் வேறுபாடு வயதினால் வந்ததன்று.

மூன்றாவது, வேறுபட்ட கூற்றுகளை ஒன்றாக்குதல் கூடாது. 'சரியான வடிவம்' ஒன்றைத் தேடி மற்றவற்றை அடிக்குறிப்புக்குத் தள்ளுதலும் கூடாது.

நான்காவது, அற்புதத்தைக் குறைத்தோ கூட்டியோ எழுதுதல் ஆகாது. தொகுப்பாளர் அதை நம்ப வேண்டியதில்லை; அது கதையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது, தொகுப்பின் எல்லை இத்தீவோடு முடிதல் ஆகாது. ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் பலர் நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறினர். தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுத்தனர். தமிழகத்திலிருந்து வந்து, மலையகத்தில் மாறி, மீண்டும் தமிழகம் சென்ற முனியின் கதை அங்கு எவ்வாறு கூறப்படுகிறது? துரையும் கங்காணியும் அங்கும் அக்கதையில் உளரா? இவ்வினாவுக்கு விடை காணப் பேராதனையிலும் தமிழகத்திலும் உள்ள ஆய்வாளர் கூடிச் செயற்படுதல் வேண்டும்.

இறுதியாக, தொகுத்ததை மக்களிடமே திரும்பக் கொடுத்தல் வேண்டும். தோட்டத்துப் பாடசாலையில் அது வாசிக்கப்படுதல் வேண்டும். அங்கு வாதம் மீண்டும் எழும். கங்காணி வழிவந்தவர் மறுப்பார். கொழுந்தெடுக்கும் பெண் ஏணையை நினைவூட்டுவார். அம்முதியவர் விடை கூறாது விட்ட வினாவை ஒரு மாணவி எழுப்பக்கூடும். அலவாங்கு பிடித்தவனைச் சாமி முதலில் அடித்தது ஏன் என்ற அவ்வினாவுக்கு விடை தேடும் தலைமுறை, அவனை அங்கு அனுப்பியவர் யார் என்றும், அந்நிலம் யாருடையது என்றும் சேர்த்தே கேட்கும். நாட்டார் வழக்காற்றைத் தொகுக்கும் நமது பணி அவ்வினாவை அழியாது காத்து, அதற்கு உரியோரிடம் சேர்ப்பதாக அமைதல் வேண்டும்.